செத்துப்போன செட்டுக்காரன் கேட்ட கேள்விகள்

போன மாதம் புத்தூரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். பந்தல் ஓரம் ஆம்ப்ளிபையரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மைக் செட்டு வாடகைக்கு விடும் உங்களில் ஒருவர். என்னை அடையாளம் கண்டு எழுந்து நாற்காலி கொடுத்தார். மரியாதை தெரிந்தவர்தான். பேச்சுவாக்கில் முந்தின வாரத்துக் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். யாரோ ஒருவன் மேடை ஏறி, இன்ன தெருக்காரர்கள் குடிதண்ணீர்க் கிணற்றில் பூச்சி மருந்து கலந்துவிட்டார்கள் என்று மைக்கில் சொன்னானாம். கூட்டம் அப்படியே எழுந்து போய் அந்தத் தெருவில் கூரைகளைப் பிய்த்து எறிந்ததாம்.

"மருந்து கலந்தது நிசமா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எனக்கென்ன மாமா தெரியும்? செட்டுக்காரனுக்கு வாயும் இல்ல, காதும் இல்ல. நம்ம தொழில்ல இதுதானே மொதல் பாடம்?"

பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேசிச் சொல்லலாமே என்பீர்கள். எனக்குப் பேச வராது. சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வாழ்நாள் முழுக்க மைக்கோடு இருந்தவன், அதில் சொன்னதெல்லாம் "ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும். அதையும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வேன். ஹார்னுக்குப் பக்கத்திலேயே கிடந்து காது மந்தமான பிறகு செட்டை விற்றுவிட்டேன். ஒயரை எப்படி இழுப்பது, பேட்டரியை எப்படிப் பராமரிப்பது என்பதெல்லாம் இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்து, எல்லைக்கோடு எங்கே என்பது தீராமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததினாலேயே எல்லோரும் கத்தினார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் இந்த வாரம் தமிழர் கூட்டம் என்றால் அடுத்த வாரம் தெலுங்கர் கூட்டம். இரண்டுக்கும் என் செட்டுதான் போகும். தமிழ்க் கூட்டத்துக்கு முருகன் பாட்டுத் தட்டு, தெலுங்குக் கூட்டத்துக்கு வெங்கடேசர் பாட்டுத் தட்டு. மற்றபடி பேச்செல்லாம் ஒன்றுதான், பாஷைதான் வேறே.

இன்னொரு விஷயத்திலும் இரண்டு தரப்பும் ஒற்றுமை. ஹார்ன்களில் ஒன்றை எதிராளி குடியிருக்கும் தெருப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். "அவனுங்க காதுல ஏறணும்பா" என்பார் தமிழர். "வாள்ள செவுலு பகலால" என்பார் தெலுங்கர், அவர்கள் காது கிழிய வேண்டும் என்று. நானும் திருப்பிக் கட்டுவேன். வாடகைக்குப் போனவனுக்கு வாய் ஏது?

இந்தக் காலத்தில்தான் சித்தூர் மிஷன் சபைக்காரர்கள் கோடை விடுமுறையில் வாலிபருக்கென்று சில சாயங்காலங்கள் சொற்பொழிவு வைத்தார்கள். பேச வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. என் வயசுதான் இருக்கும். குரல் சன்னம், அதனால் செட்டு வேண்டியிருந்தது. தினமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று.

கிரேக்க தேசத்தில் வெகு காலத்துக்கு முன்னால் ஒரு மனிதன் இருந்தானாம். பெயரைச் சொன்னார். நான் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயரை எழுதினால் இது ஏதோ பெரிய படிப்புச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவீர்கள். கல் தச்சன் மகனாம். ஒன்றும் எழுதி வைக்கவில்லையாம். கடைத்தெருவில் நின்றுகொண்டு, போகிற வருகிற பெரிய மனிதர்களை நிறுத்தி, நீங்கள் இப்போது சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானாம். அவர்கள் சொல்லச் சொல்ல, சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பானாம். கடைசியில் ஊர் கூடி, வாக்குப் போட்டு, அவனுக்கு விஷம் கொடுத்தார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு டீச்சரம்மா கூட்டத்தைப் பார்த்து, "இப்ப ஊரெல்லாம் ஒரு பேச்சா இருக்கே, சித்தூர் யாருது?" என்றார்.

முன் வரிசையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் எழுந்தார். "நம்மளுதும்மா! வேற யாருது?"

"நம்மன்னா யாருங்க?"

"இங்க பொறந்து வளந்தவங்க. இதுகூடவா தெரியாது?"

"உங்க வீட்டம்மா எந்த ஊருங்க?"

"குடியாத்தம்."

"அப்ப அவங்களுக்கு சித்தூர் சொந்தமில்லையா?"

"என்னம்மா பேச்சு இது? என்னைக் கட்டிக்கினு வந்தவ. அவளுதும்தான்."

"அப்ப இங்க பொறக்கணும்னு இல்ல. வந்து வாழ்ந்தா போதும்?"

"ஆமா." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, தமிழ் பேசணும்."

"கடையில தெலுங்குல பேரம் பேசுறீங்களே, அந்த நேரத்துக்கு நீங்க யாரு?"

சபையே சிரித்தது. "இது குதர்க்கம்மா" என்று துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "எனக்கும் பதில் தெரியலைங்க. தெரியாமலே ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டிருக்கோமேன்னுதான் கேட்டேன்" என்றார்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஹார்ன் கரகரவென்றது. ஏன் என்று கேட்டார். பேட்டரி வீக் என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"எப்பவும் அதுதாம்மா."

"எப்பவும் அதுதான்னா, இப்பவும் அதுதானா?"

உள்ளுக்குள் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஒயர் இணைப்பு ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சரி செய்துவிட்டு வந்ததும் மெதுவாகச் சொன்னார். "உனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லியிருந்தா நீ போய்ப் பார்த்திருக்கவே மாட்டே. மறுத்துப் பேசினா மனுஷன் தன் முடிச்சை இறுக்கிப் பிடிச்சுக்குவான். கேட்டா, அவனே அவிழ்த்துப் பார்ப்பான்."

தலையாட்டினேன். புரிந்து ஆட்டியதில்லை, வேலை முடியட்டும் என்று ஆட்டியது.

அது புரிந்த நாளைச் சொல்கிறேன். நகரிக்கு அப்பால் ஒரு சந்தை ஊர். பெயர் வேண்டாம், அன்று அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

அந்தச் சந்தை ஊருக்குப் பக்கத்து ஊரில் முந்தின நாள் தெலுங்கர் கூட்டம். கூட்டம் முடிந்து, புளியமரத்தில் கட்டியிருந்த ஹார்னை அவிழ்க்க ஏறினேன். கிளை முறிந்து கீழே விழுந்தேன். மண்டை பிளந்துவிட்டது. சந்தை ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரங்கய்யா என்பவர் பேச்சுக் கேட்க வந்திருந்தார். தெலுங்கர். எனக்குப் பழக்கம் கூட இல்லை. என் துண்டையே எடுத்து என் தலையில் இறுக்கிக் கட்டினார். தன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழியெல்லாம் அவர் வலது தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு போனேன். "நித்ர போவொத்து நைனா, மாட்லாடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தூங்காதே, பேசு என்கிறார். பேச வராதவனைப் பேசு பேசு என்றார். என் பிள்ளைகள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். தையல் போட்டு முடியும்வரை கூடவே நின்றார்.

மறுநாள் அந்தச் சந்தை ஊரிலேயே தமிழர் கூட்டம். ஒப்புக்கொண்ட வேலை. தையல் தெரியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். சந்தை நாள், பிற்பகல். இரண்டு மாட்டு வண்டிகளைச் சேர்த்துப் பலகை போட்ட மேடை. மேடையிலிருந்து நாலு கடை தள்ளி ரங்கய்யாவின் சைக்கிள் கடை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது. அவர் சம்சாரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். ரங்கய்யா உடம்பில் அதே சட்டை. துவைத்திருந்தார்கள், தோளில் என் ரத்தக் கறை போகவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைத் தொட்டுக் காட்டி, வலி எப்படி என்று சைகையில் கேட்டார்.

கூட்டத் தலைவர் ஒரு அரிசி மண்டிக்காரர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது வெற்றிலைக்காரர் ஏகாம்பரம் மூச்சிரைக்க மேடை ஏறினார். ஊர் ஊராகக் கூடையில் வெற்றிலை கொண்டுபோய் விற்பவர், எல்லோருக்கும் தெரிந்தவர். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

"நேத்து அவங்க கூட்டத்துல நம்ம தமிழ் ஆளு ஒருத்தன மரத்துல கட்டி வெச்சி அடிச்சே கொன்னுட்டாங்கய்யா! மண்டைய பொளந்துட்டாங்க! நம்ம சைக்கிள் கடை ரங்கய்யா இருக்கானே, அவன் சட்டையெல்லாம் ரத்தம்! இந்தக் கண்ணால பாத்தன்யா!"

ஐயோ பாவம், யாரோ, என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று கடைசிவரை அங்கேயே இருந்தேனே, எனக்குத் தெரியாமல் யாரைக் கட்டி அடித்தார்கள் என்று யோசித்தேன். மரம். மண்டை. ரங்கய்யா. ரத்தம். அப்புறம்தான் தெரிந்தது, செத்தவன் நான்.

தலைவரிடம் ஓடினேன். காதோடு காதாக, "ஐயா, அது நான்தாங்க. யாரும் அடிக்கல. மரத்துலேந்து உழுந்தேன். ரங்கய்யாதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு" என்றேன். அவர் என் தலைத் துண்டை ஒரு விரலால் தூக்கினார். தையலைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். துண்டை மறுபடி இறக்கிவிட்டார்.

"சரி சரி. நீ போயி உன் வேலையப் பாரு. கூட்டம் இப்பதான் சூடாயிருக்குது. கெடுக்காத."

இத்தனை வருஷம் கழித்தும் என்னைத் தூங்கவிடாதது அந்த விரல்தான். தெரியாதவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்துவிட்டுத் துண்டை இறக்கி மூடினானே, அவன் மேல்தான்.

அதற்குள் கூட்டம் எழுந்துவிட்டது. சந்தைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் பந்தல் கழியைப் பிடுங்கினான். "கடைய கொளுத்துடா" என்று ஒரு குரல். ரங்கய்யா பம்ப்பைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். தமிழ்ப் பேச்சு வேகமாக வந்தால் அவருக்குப் பாதிதான் புரியும். ஏதோ ஊர்வலம் தன் கடைப் பக்கம் வருகிறது என்று நினைத்திருப்பார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "நான்தான் அது! நான் சாவல! மரத்துலேந்து உழுந்தேன்!" என்று கத்தினேன். முதல் தடவையாக என் குரல் ஹார்னில் வந்தது. என்ன நடந்தது தெரியுமா?

"யார்ரா இவன்?"

"நேத்து அவங்களுக்கும் செட்டு போட்டவன்டா இவன்."

"அதானே பாத்தேன்! அவங்க சோறு துன்னவன் அவங்களுக்குத்தான் பேசுவான்."

"செத்தவன் வேற ஆளுடா! இவன் இல்ல!"

உயிரோடு இருப்பவனே வந்து நான் உயிரோடு இருக்கிறேன் என்கிறான், நம்பவில்லை. அவர்களுக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது. நான் மறுத்தேன். அவர்கள் முடிச்சு இன்னும் இறுகியது. டீச்சரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மைக்கை ஹார்னுக்கு எதிரே நீட்டினேன். அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். செவிப்பறை கிழிகிற மாதிரி கூவியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார்கள். மைக்கை இழுத்துக்கொண்டேன். கிடைத்தது ஒரு மூச்சு நேர அமைதி. கூட்டத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியாது. ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், வெற்றிலைச் சாறு படிந்த அவர் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். விழுந்தது நான்தான் என்று எனக்குத் தெரியும். அவர் எதைப் பார்த்து இப்படி நம்பினார் என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. அதைத்தான் கேட்டேன்.

"ஏகாம்பரண்ணே, நீங்க எதைப் பாத்தீங்க?"

"ரத்தத்தப்பா. ரங்கய்யா சட்டையில."

"எந்த எடத்துல?"

"தோள்ல. தோள்லேந்து கை வரைக்கும் வழிஞ்சிக்கினு இருந்துது."

"கையில என்ன வெச்சிருந்தாரு? கழியா, கடப்பாரையா?"

"கையில..." யோசித்தார். "ஹேண்டில்பார புடிச்சிக்கினு இருந்தான். சைக்கிள்லதானே வந்தான்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"அடிச்சத பாத்தீங்களா?"

"அத பாக்கல. நான் போறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சி பூட்டுது."

"கட்டி வெச்சத?"

"அது அந்த ஊரு டீக்கடையில சொன்னாங்க."

"கட்டி வெச்சாங்கன்னா சொன்னாங்க?"

நல்ல மனுஷன், தன் ஞாபகத்துக்குள்ளே போய்த் தேடினார். நெற்றி சுருங்குவதை நான் பார்த்தேன். "தமிழ் ஆளு ஒருத்தன், மரம், மண்டை பொளந்துக்கினான்னாங்க. மரம்னாங்கப்பா. மரம்னா கட்டி வெச்சித்தானே அடிப்பாங்க?"

பின்னாலிருந்து ஒருத்தன், "வெத்தலைக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி சேதிக்கும் தெளிச்சிட்டான்யா!" என்றான். சிலர் சிரித்தார்கள். கழியைத் தூக்கியவன் அதைக் கீழே ஊன்றினான்.

"செத்துட்டான்னு யாரு சொன்னாங்க?"

"அதான் நானே பாத்தனே! பொணத்த பின்னால வெச்சிக்கினு போனான்."

"எங்க வெச்சிக்கினு?"

"கேரியர்ல. சாஞ்சிக்கினு குந்தியிருந்தான்."

"பொணம் குந்துமாண்ணே?"

இப்போது சந்தையே சிரித்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"குந்தியிருந்தவன் எப்படி இருந்தான்?"

"ஒல்லியா. தலையில வெள்ளைத் துண்டு கட்டிக்கினு..." அங்கேயே நிறுத்தினார். என் தலையைப் பார்த்தார். நான் துண்டை அவிழ்த்தேன்.

"அட பாவி," என்றார் ஏகாம்பரம். அது நாலு தெருவுக்கும் கேட்டது. "நீயா?"

இதோடு முடிந்தது, எல்லோரும் நல்லவர்களாகி வீட்டுக்குப் போனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. கையில் எடுத்த கழிக்கு ஒரு முதுகு வேண்டுமே. "பொய்யாடா சொன்னே, வெத்தலைப் பயலே?" என்று நாலு பேர் மேடை ஏறி ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தார்கள். கேட்டதும் யோசித்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே மனிதர் அங்கே அவர்தான். அவரை அடிக்கப் போனார்கள். தலைவர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார், மாலையைச் சரி செய்துகொண்டு.

அப்போது வந்த கோபம் என் கூச்சத்தைத் தின்றுவிட்டது. தலைவரை நேராகப் பார்த்தேன். மைக்கை அவர் பக்கம் நீட்டினேன்.

"ஐயா, ஏகாம்பரண்ணன் தப்பா நெனச்சாரு. கேட்டதும் சரியா சொல்லிட்டாரு. நீங்க என் தலைத் துண்டத் தூக்கித் தையலப் பாத்தீங்களே, பாத்துட்டு எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் ஒரு எட்டு எடுத்து வைத்து என் முகத்துக்கு நேராகக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மைக் ஆன்ல இருக்குதுடா முட்டாள்! இதையெல்லாமா வெளிய கேப்பாங்க?"

எல்லா ஹார்னும் அதைத் திருப்பிச் சொல்லின. இதையெல்லாமா வெளிய கேப்பாங்க. எதிராளி காதில் ஏறட்டும் என்று அவரே திருப்பிக் கட்டச் சொன்ன ஹார்னும் சொல்லிற்று.

யாரும் சிரிக்கவில்லை. ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டன. கூட்டம் கலைந்தது. திருந்திக் கலையவில்லை, வெட்கப்பட்டுக் கலைந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமே வேறு ஊரில், வேறு செட்டில், வேறு மாலையோடு பேசினார். என்னைத் தமிழர் யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. திருப்பிக் கட்டிய ஹார்ன் வழியாகக் கேட்டிருந்த தெலுங்கர் ஒருவர், தன் பக்கத்துக் கூட்டங்களை நடத்துகிறவர், என்னைத் தேடி வந்தார். முதுகில் தட்டிக் கொடுத்தார். "பலே அடிகினாவு நைனா" என்றார், பிரமாதமாகக் கேட்டாய் என்று. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு எங்க மீட்டிங்லயும் இதே மாதிரி கேப்பியா?" என்றார். கேட்பேன் என்றேன். அவரும் கூப்பிடவில்லை. கிரேக்கத்து மனிதனுக்கு விஷம் கொடுத்தார்கள். எனக்கு வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். திருப்பதிச் சத்திரங்களில் கலியாண வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டேன். நாதசுரத்திடம் யாரும் சாட்சி கேட்பதில்லை.

இனி உங்களிடம் வருகிறேன்.

செட்டுக்காரனுக்கு வாயில்லை என்று இன்னொரு தரம் என் முன்னால் சொல்லாதீர்கள். ஒருவன் கத்தினால் பத்துப் பேருக்குக் கேட்கும். அதை ஊர் முழுக்கக் கேட்கும்படி செய்வது நீங்கள். கிணற்றில் மருந்து என்று சொன்னவன் ஒருவன், கூரை பிய்த்தவர்கள் பலர், நடுவில் ஒயர் இழுத்தவர் நீங்கள். நீங்கள் வாயைத் திறந்து பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. எனக்கே அது வராது. மைக்கைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். "அண்ணே, நீங்க பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" இதற்குப் படிப்பு வேண்டாம். பார்த்தேன் என்றால், எதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ரத்தத்தைப் பார்த்தவன் அடியைப் பார்த்தேன் என்பான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, அவன் மனசே நடுவிலுள்ள இடத்தை நிரப்பிவிடுகிறது. உங்கள் மனசும் நிரப்பும். பேட்டரி வீக் என்று நான் நிரப்பவில்லையா?

"அவங்க எப்பவும் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அவங்க என்றால் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

ஆனால் பிடிக்காதவனை மட்டும் நிறுத்திக் கேட்காதீர்கள். அது கேள்வி இல்லை, கல்லெறிதல். முதலில் உங்கள் தரப்பைக் கேளுங்கள், அதில் மாலை போட்டவனைக் கேளுங்கள். ஏகாம்பரத்தைக் கேட்பது சுலபம். துண்டைத் தூக்கிப் பார்த்தவனைக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதில் சொல்ல மாட்டான். பரவாயில்லை. அவன் பதில் சொல்லாத விதம் ஊருக்குக் கேட்டால் போதும்.

எல்லை கடைசியில் தீர்ந்தது. சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின, சில இந்தப் பக்கம் வந்தன. அந்தச் சந்தை ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அதன் பிறகும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரங்கய்யா கடையில் இறங்குவேன். ரொம்ப நாள் அந்தச் சட்டையையேதான் போட்டிருந்தார். வலது தோளில் அந்தக் கறை வெளுத்து வெளுத்துத் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கோபம் வரும்.

அன்று சந்தையில் அத்தனை பேர் இருந்தார்கள். கழி எடுத்தவர்கள் இருந்தார்கள், கொளுத்தச் சொன்னவர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரிடம் ட்யூபுக்குக் காற்று அடித்துக்கொண்டவர்கள். கறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. "ரங்கய்யா, இது யார் ரத்தம்?" என்று அவரையே கேட்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கடை திறந்துதான் இருந்தது.